கடலோரமும் அல்ப்ஸ் மலையும்

திருக்கோணமலைத் துறைமுக வீதிகளிலே துவிச்சக்கர வண்டியோட்டும் இளைஞனுக்குக் கோணேசர் கோயில் ஏற்றமே பெருமலை. கடல்மட்டத்திலே வளர்ந்த அவனால் அல்ப்ஸ் மலைப் போட்டிகளிலே கலந்துகொள்ள இயலுமா?

அப்போட்டிகளின் கடுமை சிறிதன்று. சுவிற்சர்லாந்தில் வெர்பியேயிலிருந்து கிறிமென்ஸ் வரை நடைபெறும் 'கிராண்ட் ரெய்ட்' போட்டியின் நெடும்பாதை 125 கிலோமீற்றர். ஏற்றம் மட்டுமே ஏறத்தாழ 5,000 மீற்றர். பிரான்சிலே 1995இல் ஆரம்பமான 'மெகாவலாஞ்ச்' போட்டியோ, சுமார் 3,300 மீற்றர் உயரத்திலிருந்து பள்ளத்தாக்கை நோக்கிப் பாய்வது.

அவ்வுயரத்திலே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையிற் கிடைப்பதைவிட மூன்றிலொரு பங்கு குறைவு. செங்குருதியணுக்கள் பெருகி உடல் அதற்குப் பழகச் சில வாரங்கள் செல்லும். ஆகவே வீரர் பலர் உயர்ந்த இடத்திலே உறங்கி, தாழ்ந்த இடத்திலே பயிற்சி செய்வர்.

எனினும் நம்மூர் வெயிலும் ஓர் ஆசானே. வெப்பத்திலே படிப்படியாகப் பயின்றால் குருதியின் நீர்ப்பகுதி பெருகும். இதயத்தின் சுமை குறையும். அதன்பின் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஏற்றங்கள் சுவாசத்தைப் பழக்கும்.

இறக்கத்திலே உயிர்காப்பது கால்வலிமையன்று. பிறேக்கை அளவாகப் பிடிக்கும் கையின் நிதானமே. பெற்றோரே, பிள்ளை மலைவண்டி கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் தலைக்கவசத்தை முதலிலே வாங்கிக் கொடுங்கள்.