கோய் மீன் குளத்துக்கு வடிகட்டி

வீட்டுப் பின்புறக் கோய் குளத்துக்குப் பழைய பிளாஸ்டிக் பீப்பாயில் பஞ்சு அடுக்கியே வடிகட்டி செய்யலாம். களைக்கொல்லி இருந்த பீப்பாய் மட்டும் வேண்டவே வேண்டாம். 1,000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 500 லிட்டராவது இறைக்கும் பம்பு தேவை.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பஞ்சைக் குழாயடியில் பளபளன்னு கழுவினால், குளோரின் பட்டு அவை செத்துப்போகும். அப்புறம் மீனும் போச்சு, கூலிக்காசும் போச்சு!

குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு அலசுங்கள். இந்த வாரம் பாதிப் பஞ்சு, அடுத்த வாரம் மீதி. கரண்டு மிச்சமென்று இராத்திரி பம்பை நிறுத்தாதீர்கள். தண்ணீர் ஓடாவிட்டால் நுண்ணுயிரும் மூச்சுமுட்டிச் சாகும்.