வாடையை அடைப்போம், காற்றை அடைக்க வேண்டாம்



மார்கழி பிறந்துவிட்டால் நம் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். "ராத்திரி வாடை தாங்க முடியலீங்க, சந்து பொந்தெல்லாம் துணி வச்சு அடைச்சுட்டோம்" என்கிறோம். சேலம், நாமக்கல் பக்கம் ஊட்டி மாதிரிக் குளிர் கிடையாது. ஆனாலும் விடியற்காலையில் கதவிடுக்கில் வரும் வாடை, பிள்ளை பெற்றவளையும் கைக்குழந்தையையும் வயசானவர்களையும் வாட்டத்தான் செய்கிறது. அதனால் கதவு ஜன்னலைச் சாத்தி, உள்ளே தணல் சட்டி வைக்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தணலில் என்ன ஆபத்து?

கரியும் விறகும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அது வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துவிடும். அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கி, கங்கு செக்கச்செவேல் என்று இருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். நம் ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அசதி. தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், சமைத்த கரி அடுப்பை அறைக்குள்ளேயே விட்டுத் தூங்கிய 2 இளைஞர்கள் இப்படித்தான் இறந்துபோனார்கள்.

"எங்க பாட்டி காலத்துல வைக்கலையா?" என்று கேட்பீர்கள். வைத்தார்கள். ஆனால் அன்றைக்கு ஓட்டு வீடு, கூரை வீடு. ஓட்டுச் சந்து வழியாகப் புகையும் நச்சும் தானாக மேலே போய்விடும். இன்றைக்குத் தார்சு வீடு. சாத்தினால் டப்பா மூடிய மாதிரிதான். பழக்கம் மாறவில்லை, வீடு மாறிவிட்டது.

கோழிக்குஞ்சு சொல்லும் பாடம்

கோழி வளர்க்கிற நமக்கு இந்த விஷயம் புதிது இல்லை. குஞ்சு இறக்கினால் முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு கொடுக்கிறோம். சுற்றிலும் தகடோ அட்டையோ வைத்து, குஞ்சு நிற்கும் உயரத்தில் காற்று அடிக்காமல் மறைக்கிறோம். எல்லாக் குஞ்சும் ஒரே ஓரமாக ஒதுங்கினால், எதிர்ப்பக்கம் காற்று நுழைகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் கொட்டகையை முழுக்க மூடுவோமா? மூட மாட்டோம். மூடினால் எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும், குஞ்சு சீக்காகும். அதனால் படுதாவை மேலே கொஞ்சம் திறந்து வைக்கிறோம்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். சூடான காற்று மேலே போகும். ஆகவே, கீழே உடம்பில் அடிக்கும் காற்றை மறைக்கணும், மேலே போகும் வழியை விடணும்.

என்ன செய்யலாம்?

1. பாயையும் கட்டிலையும் கதவுக்கும் ஜன்னலுக்கும் நேராகப் போடாமல் உள்சுவர் ஓரம் போடுங்கள்.

2. ஜன்னலின் கீழ்க்கதவைச் சாத்துங்கள். மேல்கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

3. படுக்கும் அறையில் கதவின் அடி இடுக்குக்குப் பழைய சேலையைச் சுருட்டி வைக்கலாம். கேஸ் சிலிண்டர் இருக்கும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும், அது வெளியேற அந்த இடுக்கு வேண்டும்.

4. தரையின் சில்லிப்புக்குப் பாயின் அடியில் சாக்கு, மேலே ஜமுக்காளம் போடுங்கள்.

5. குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டு, தாய் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாலே நல்ல சூடு கிடைக்கும். எடை குறைந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே இப்படிச் செய்யச் சொல்கிறார்கள். சாம்பிராணிப் புகை பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

6. தண்ணீர் காய வைக்கும் விறகு அடுப்பு வாசலிலேயே இருக்கட்டும். மிச்சத் தணலை உள்ளே கொண்டுவராமல் தண்ணீர் தெளித்து அணையுங்கள்.

7. புகைபோக்கி வைத்த அடுப்பு என்றால், குழாய் கூரையைவிட உயரமாக, மேலே மூடியோடு இருக்கணும். தாழ்வாக இருந்தால் வாடை புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். குழாயில் படியும் கரியை அவ்வப்போது தட்டிவிடணும்.

தணல் வைத்த அறையில் யாருக்காவது தலை சுற்றினால் "பனி ஒத்துக்கலை" என்று போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். கதவைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிக்கு லேசாகத்தான் இருக்கிறது என்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆகணும். அந்த நச்சு வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்: நம் குழுவில் யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் பிரசவத்துக்கு இருக்கிறார்கள்? அந்த வீட்டுக்கு இரண்டு பேர் போய் ஜன்னலைப் பார்த்து வருவோம். மேலே காற்றுப்போக்கி இல்லாத அறைக்கு ஒன்று வைப்பது பெரிய செலவு இல்லை. தேவைப்பட்டால் குழுவின் உள்கடனாகக் கொடுக்கலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற நாம், இந்தச் சேதியையும் சேர்த்துக் கொண்டுபோவோமே!