கினிப்பன்றிச் சங்கம், ஈஸ்ட் கிரின்ஸ்டெட், இங்கிலாந்து
இரண்டாம் உலகப் போரில் எரியும் போர்விமானங்களிலிருந்து தப்பியவர்களில், கடலில் விழுந்தோரின் தீப்புண்கள் தரையில் விழுந்தோருடையதைவிட நன்றாக ஆறின. நியூசிலாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ இதைக் கவனித்தார். புண்ணை ஓடுபோல் இறுக்கிய டானிக் அமிலத்தைக் கைவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் வீரர்களை அமர்த்தினார். அதன் பிறகுதான் தோல் ஒட்டு. இமை, மூக்கு, விரல்கள் என்று சிலருக்குச் சிகிச்சை பல ஆண்டுகள் நீண்டது.

90 நாளில் பணிக்குத் திரும்ப முடியாதவரைப் படையிலிருந்து விலக்கும் விதியோடும் அவர் மோதினார். பாதி முகத்தோடு ஒருவரை ஓய்வூதியத்துக்கு அனுப்புவதில் என்ன நியாயம்?

1941இல் நோயாளிகள் சங்கம் தொடங்கி, சோதனை விலங்கின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். போர் முடிந்தபோது உறுப்பினர்கள் 649 பேர். முதல் பொருளாளர் கால் வெந்தவர்: பணத்தோடு ஓட மாட்டாராம். செயலாளர் கை வெந்தவர்: கூட்டக் குறிப்பு எழுதித் தொல்லை தர மாட்டாராம்.