இந்தக் கோப்பு யாருடையது?

கோலசிலாங்கூரிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங், சுங்கை புரோங், செகிஞ்சான் என்று ஊர்கள் வரிசையாக வரும். உள்பக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். இந்த வயல்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா? பேராக் எல்லையில் ஓடும் பெர்ணம் ஆற்றின் நீரை ஒரு வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றில் சேர்க்கிறார்கள். அங்கிருந்து பெரிய கால்வாயில் திருப்பி, எட்டுப் பாசனப் பிரிவுகளுக்குப் பிரித்து விடுகிறார்கள். அந்த எட்டில் சுங்கை புரோங்கும் ஒன்று. இங்குள்ள விவசாயி தண்ணீருக்காகப் பெர்ணம் வரை போவதில்லை. மடையைத் திறந்தால் போதும், எங்கோ ஓடும் ஆறு தன் வரப்போரமாகவே ஓடுவது போல் ஆகிவிடுகிறது.

மாணவர்களே, கணினி அறையிலும் இதே வேலையைச் செய்யலாம். அதைச் செய்யும் முறைக்கு ‘நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்’ என்று பெயர். சுருக்கமாக என்.எஃப்.எஸ். இதை அமைப்பது எளிது. ஆனால் அமைக்கும்போது ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், உங்கள் வேலையை வேறொருவர் தெரியாமலே அழித்துவிட முடியும். அது என்ன கேள்வி என்பதைப் பார்ப்போம்.

ஏழாம் கணினியில் மாட்டிக்கொண்ட பாடவேலை

ஒரு பள்ளியின் கணினி அறையில் 20 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கயல் என்ற படிவம் ஐந்து மாணவி ஏழாம் கணினியில் அமர்ந்து தன் கணினி அறிவியல் பாடவேலையைச் செய்து சேமிக்கிறாள். அடுத்த வாரம் வரும்போது அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு நாள் ஏழாம் கணினியே பழுதாகிக் கிடக்கிறது. பென்டிரைவில் எடுத்துப் போகலாம். ஆனால் பென்டிரைவ் தொலையும், உடையும், நச்சுநிரலையும் கூடவே கொண்டு வரும்.

எல்லாருடைய கோப்புகளையும் ஒரே கணினியில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். அந்தக் கணினியைச் சர்வர் என்பார்கள். அதிலிருந்து கோப்புகளைப் பெறும் மற்றக் கணினிகள் கிளையண்ட். கயல் எந்த இருக்கையில் அமர்ந்தாலும் அவளுடைய கோப்புறை அங்கே தெரியும். அது தொலைவில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றாது. திறப்பது, திருத்துவது, சேமிப்பது எல்லாம் அந்தக் கணினியிலேயே இருக்கும் கோப்பைப் போலத்தான்.

இந்த முறையை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. அதன் வடிவமைப்பை விளக்கும் கட்டுரையை ரஸல் சாண்ட்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1985-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வெளியிட்டார்கள். அக்காலத்தில் வன்தட்டின் விலை மிக அதிகம். அதனால் வன்தட்டே இல்லாத கணினிகளையும் சன் நிறுவனம் விற்றது. அவை எல்லாவற்றையும் சர்வரிலிருந்தே எடுத்துக்கொண்டன. என்.எஃப்.எஸ். எப்படி இயங்குகிறது என்ற விதிகளை அந்த நிறுவனம் வெளிப்படையாகத் தந்ததால் மற்ற நிறுவனங்களும் அதைத் தங்கள் கணினிகளில் சேர்த்தன. 1989-இல் இரண்டாம் பதிப்பின் விதிகளும், 1995-இல் மூன்றாம் பதிப்பின் விதிகளும், 2000-இல் நான்காம் பதிப்பின் விதிகளும் பொது ஆவணங்களாக வந்தன. இன்றும் லினக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர இது பெரிதும் பயன்படுகிறது. விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் எஸ்.எம்.பி. என்ற வேறொரு முறையைப் பயன்படுத்துகின்றன.

இரண்டு பக்கமும் செய்ய வேண்டியவை

முதலில் சர்வர். லினக்ஸில் என்.எஃப்.எஸ். சர்வர் மென்பொருளை நிறுவிய பிறகு, ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற சிறிய எழுத்துக் கோப்பைத் திறக்க வேண்டும். பகிரும் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் மூன்று செய்திகள் இருக்கும். எந்தக் கோப்புறையைப் பகிர்கிறோம், எந்தக் கணினிகளுக்குப் பகிர்கிறோம், என்ன நிபந்தனையில் பகிர்கிறோம். நிபந்தனைகளை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். படிக்க மட்டும் அனுமதியா, எழுதவும் அனுமதியா என்பது அங்கேதான் முடிவாகிறது.

இதில் ஓர் ஆபத்தான இடம் இருக்கிறது. கணினியின் முகவரியையும் அடைப்புக்குறியையும் ஒட்டியே எழுத வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும். அப்போது அந்த நிபந்தனைகள் நீங்கள் குறிப்பிட்ட கணினிக்குப் போகாமல் மற்ற எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். ‘ஏழாம் கணினி மட்டும் எழுதலாம்’ என்று நினைத்து எழுதியது, ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம்’ என்று ஆகிவிடும். சர்வர் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போகலாம். ஆகவே எழுதிய வரியை இரண்டு முறை படித்துப் பாருங்கள்.

அடுத்து கிளையண்ட். இங்கே வெறுமையான ஒரு கோப்புறையை உருவாக்கி, ‘மவுண்ட்’ என்ற கட்டளையால் சர்வரின் கோப்புறையை அதன்மேல் பொருத்த வேண்டும். ஏற்கெனவே கோப்புகள் உள்ள கோப்புறையின்மேல் பொருத்தினால், பழைய கோப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அவை அழிவதில்லை. பொருத்தியதைக் கழற்றினால் மீண்டும் தெரியும். கணினியைத் திறக்கும்போதெல்லாம் இந்த வேலை தானாக நடக்க வேண்டுமென்றால் ‘எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சர்வர் திடீரென்று நின்றால்?

மாலையில் இடி இடித்து, சர்வர் இருக்கும் அறையில் மட்டும் மின்சாரம் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் கயல் கோப்பைச் சேமித்துக்கொண்டிருக்கிறாள். என்ன ஆகும்?

சன் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைத் தொடக்கத்திலேயே யோசித்தார்கள். முதலில் வந்த என்.எஃப்.எஸ். சர்வர், யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எந்தக் குறிப்பும் வைத்துக்கொள்ளாது. கிளையண்ட்தான் ஒவ்வொரு முறையும் முழு விவரத்தையும் சொல்ல வேண்டும். ‘இந்த அடையாளமுள்ள கோப்பில், 4096-ஆவது பைட்டிலிருந்து இந்தத் தரவை எழுது’ என்பது போல. பதில் வராவிட்டால் அதே வேண்டுகோளை மீண்டும் அனுப்பும். அதே தரவை அதே இடத்தில் இரண்டு முறை எழுதினாலும் கெடுதல் இல்லை. சர்வர் அணைந்து மீண்டும் எழுந்தாலும் அது மறந்துபோக எதுவும் இல்லை என்பதால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான்காம் பதிப்பில் சர்வர் சில குறிப்புகளை வைத்துக்கொள்கிறது. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தாமல் பூட்டி வைக்க அது உதவுகிறது. சர்வர் மீண்டும் எழுந்தவுடன் கிளையண்டுகள் தங்கள் பூட்டுகளை மீட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் தரப்படும். லினக்ஸில் அது வழக்கமாக 90 விநாடி.

கிளையண்ட் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் நாம் தீர்மானிக்கலாம். ‘ஹார்ட்’ என்று அமைத்தால், சர்வர் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். திரை உறைந்தது போல் தோன்றும், ஆனால் தரவு பத்திரம். ‘சாஃப்ட்’ என்று அமைத்தால், சில முறை முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். கோப்பு பாதி எழுதிய நிலையில் கெட்டுப்போக வாய்ப்புண்டு. எழுதும் கோப்புறைகளுக்கு ‘ஹார்ட்’ அமைப்பே நல்லது.

எண் 1000

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். ஒரு கோப்பு யாருடையது என்று சர்வர் எப்படி அறிகிறது?

லினக்ஸ் கணினி உங்களைப் பெயரால் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் தருகிறது. கோப்பில் உரிமையாளராகப் பதிவாவது அந்த எண்தான். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்குப் பொதுவாக 1000 என்ற எண் கிடைக்கும். அடுத்தவருக்கு 1001.

இப்போது நம் கணினி அறைக்கு வாருங்கள். ஒவ்வொரு கணினியிலும் லினக்ஸை நிறுவும் வேலையை ஆசிரியர் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் கணினியில் கயல் நிறுவினாள். தன் பெயரில் கணக்கு தொடங்கினாள். அவளுக்கு எண் 1000. எட்டாம் கணினியில் முகிலன் நிறுவினான். அவனுக்கும் எண் 1000.

கயல் தன் பாடவேலையைச் சர்வரில் சேமித்து, ‘என்னைத் தவிர யாரும் திறக்கக்கூடாது’ என்று அமைக்கிறாள். சர்வரில் ‘உரிமையாளர்: 1000’ என்று பதிவாகிறது. பிறகு முகிலன் எட்டாம் கணினியிலிருந்து அதே கோப்புறையைத் திறக்கிறான். அவன் கணினி ‘1000 கேட்கிறது’ என்கிறது. சர்வர் கதவைத் திறந்து விடுகிறது. அந்தக் கோப்பு அவனுடையது என்றே திரையில் காட்டப்படும். இடம் போதவில்லையே என்று அவன் அதை அழித்தால், அதுவும் நடக்கும். அவன் யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை. தவறு செய்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. கயலின் பல வார உழைப்பு மட்டும் போய்விடும்.

உங்கள் பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் பால்மரம் சீவியிருந்தால் இது அவர்களுக்குச் சட்டென்று புரியும். பால் வாளிகளை ஸ்டோருக்குக் கொண்டுவந்ததும் நிறுத்துப் பார்த்து, யார் கணக்கில் எவ்வளவு என்று கிராணி எழுதுவார். அவருக்கு ஆட்களின் முகம் தெரியும். ஆனால் முகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் கேட்டு எழுதும் ஒரு கிராணியைக் கற்பனை செய்யுங்கள். இரண்டு தோட்டத்து ஆட்கள் ஒரே ஸ்டோருக்கு வருகிறார்கள். இரண்டு தோட்டத்திலும் 12 என்ற எண்ணில் ஒருவர் இருக்கிறார். மாதக் கடைசியில் 12-இன் சம்பளம் யாருக்கு?

1984-இல் இந்த முறை பெரிய தவறாகத் தோன்றவில்லை. ஒரு கட்டடத்துக்குள் இருந்த கணினிகளை ஒரே நிர்வாகி பார்த்துக்கொண்டார். எண்களைக் கொடுப்பவரும் அவரே. இன்று ஒவ்வொருவரிடமும் மடிக்கணினி இருக்கிறது. தன் மடிக்கணினியில் தான் விரும்பிய எண்ணில் ஒரு பயனரை யாரும் உருவாக்கிக்கொள்ளலாம். கிளையண்ட் சொல்லும் எண்ணைச் சர்வர் அப்படியே நம்பினால், வேண்டுமென்றே ஏமாற்றவும் வழியுண்டு.

எப்படிச் சரிசெய்வது?

முதல் வழி, அறை முழுவதற்கும் ஒரே பயனர் பட்டியல் வைப்பது. கயல் எந்தக் கணினியிலும் 2001, முகிலன் எந்தக் கணினியிலும் 2002 என்று ஒரே இடத்தில் பதிவு செய்து, எல்லாக் கணினிகளும் அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்காகச் சன் நிறுவனமே ‘நிஸ்’ என்ற முறையைத் தந்தது. இப்போது ‘எல்டேப்’ போன்றவை பயன்படுகின்றன. சிறிய அறையென்றால் கையாலேயே எண்களை ஒன்றாக அமைத்துவிடலாம்.

இரண்டாவது, எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அறையின் கணினி முகவரிகளை மட்டும் அனுமதிப்பது. வெளியிலிருந்து வரும் மடிக்கணினிகளை இது ஓரளவு தடுக்கும்.

மூன்றாவது, ‘ரூட் ஸ்குவாஷ்’ என்ற நிபந்தனையை நீக்காமல் வைத்திருப்பது. ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ பயனரின் எண் 0. கிளையண்டில் ரூட்டாக இருப்பவர் சர்வரிலும் ரூட்டாகிவிட்டால் எல்லாருடைய கோப்புகளும் அவர் கையில். அதனால் 0 என்று வரும் எண்ணைச் சர்வர் ‘நோபடி’, அதாவது ‘யாருமில்லை’ என்ற பயனராக மாற்றிவிடும். அதன் எண் வழக்கமாக 65534. இந்தப் பாதுகாப்பு இயல்பாகவே இருக்கும். ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்ததும் எரிச்சலில் சிலர் இதை நீக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

நான்காவது வழிதான் உறுதியானது. எண்ணை வாயால் சொல்வது வேறு, மைகார்டை எடுத்து நீட்டுவது வேறு. அதுபோல, அடையாளத்தை மெய்ப்பிக்கும் முறை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கெர்பரோஸ்’. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1983-இல் தொடங்கிய ‘அத்தீனா’ திட்டத்தில் இது உருவானது. கடவுச்சொல்லைச் சரிபார்த்த பிறகு, சில மணி நேரமே செல்லும் மறைக்குறியீட்டுச் சீட்டு ஒன்றைத் தனியான ஒரு சர்வர் தருகிறது. அந்தச் சீட்டைக் காட்டினால்தான் என்.எஃப்.எஸ். சர்வர் கோப்பைத் தரும். நான்காம் பதிப்பில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிர்வாகி அதை அமைக்க வேண்டும். அமைக்காமல் விட்டால், நான்காம் பதிப்பிலும் பழையபடி எண்ணை நம்பியே வேலை நடக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் இரண்டு பழைய கணினிகளில் லினக்ஸை நிறுவினால் இவை எல்லாவற்றையும் நீங்களே செய்து பார்க்கலாம். கட்டளைத் திரையில் ‘ஐ.டி.’ என்ற இரண்டெழுத்துக் கட்டளையைத் தட்டுங்கள். உங்கள் எண் வரும். இரண்டு கணினிகளிலும் வேறு வேறு பெயரில் கணக்கு தொடங்கி, எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டும் 1000 என்றால், ஒன்றில் சேமித்ததை மற்றொன்றில் திறந்து பாருங்கள். பிறகு ஒன்றின் எண்ணை மாற்றி, மீண்டும் முயலுங்கள். பள்ளிக் கணினிகளில் செய்வதென்றால் முதலில் ஆசிரியரிடம் அனுமதி பெறுங்கள். மற்றவர்களின் பாடவேலை அங்கே இருக்கிறது.

உங்கள் பள்ளியில் கோப்புகளைப் பகிரும் சர்வர் இருந்தால் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சார், நான்தான் கேட்கிறேன் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?’ பதில் கிடைக்கும்வரை பாடவேலையின் இன்னொரு நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.