அந்தமானில் மறுவாழ்வு

அந்தமான் சிறையில் வாடிய விடுதலை வீரர்களின் வரலாற்றை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்குத் தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்டபின், கொலையும் கொள்ளையும் புரிந்து கப்பலேறியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தவறு செய்தவன் மீண்டும் குடும்பியாக வாழ்ந்தது எங்ஙனம் என்பதை அவர்களிடமே காண வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த விதி இது. ஆயுள் கைதி முதல் ஆறு மாதம் செல்லுலார் சிறையில் தனியறையில் அடைபடுவான். அடுத்து ஒன்றரை ஆண்டு பிறரோடு சிறைவேலை. மூன்றாண்டு கூலியற்ற உழைப்பு. ஐந்தாண்டு சொற்பப் படியுடன் உழைப்பு. இவ்வாறு பத்தாண்டு நன்னடத்தையுடன் கழிந்தால் அவனுக்கு ஓர் அனுமதிச் சீட்டுக் கிடைக்கும். அதைப் பெற்றவன் சிற்றூரில் குடியேறிப் பயிரிடலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைக்கலாம். அல்லது ஐந்தாண்டு தண்டனை கழித்த பெண் கைதி ஒருத்தியை அதிகாரிகளின் இசைவுடன் மணக்கலாம். முதலில் வீட்டுக்கும் உணவுக்கும் கருவிகளுக்கும் சர்க்கார் உதவும். மூன்று நான்கு ஆண்டுகள் சென்றால் உதவி நின்று, வரி தொடங்கும்.

இவனை ஆங்கிலேயர் 'செல்ஃப் சப்போர்ட்டர்' என்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் தொல்லை தந்தது. 'சொந்தக் காலில் நிற்பவன்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அந்தக் கால் தீவை விட்டு அகல இயலாது. சும்மா இருக்கவும் அவனுக்கு உரிமையில்லை. முழு விடுதலைக்கு இருபது முதல் இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். 'உழைத்துண்ணும் கைதி' என்பதே பொருந்தும்.

அயலூரில் குடித்தனம் தொடங்குவதன் அருமை, வெளிமாநிலங்களில் வாழும் நமக்குத் தெரியும். நமக்கு ஊர் திரும்பினால் உறவு உண்டு. அவனுக்கோ? கடல் கடந்த குற்றவாளியைச் சாதியார் ஏற்பது அரிது. தீவிலோ அண்டை வீட்டானும் கைதி. யார் யாரைப் பழிப்பது? சாதி கலந்த மணங்கள் நிகழ்ந்தன, இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. ஆனால் பெண்கள் மிகச் சிலரே. பலருக்கு மணம் வாய்க்கவேயில்லை. அவர்கள் உழுத நிலம், காடழிக்கப்பட்டுப் பழங்குடியினர் இழந்த நிலம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஜப்பானியர் ஆதிக்கம் முடிந்து, 1945-இல் தண்டனைக் குடியிருப்பு ஒழிக்கப்பட்டது. சிலர் தாயகம் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. அங்கேயே தங்கியவர்களின் வழிவந்தோரை 'லோக்கல் பார்ன்' என்று தீவினர் இன்றும் அழைக்கின்றனர்.