உழவர் சந்தையும் நம் வீட்டு அடுப்பும்

குடியானவனுடைய கஷ்டத்தைப் பற்றி மேடையில் பேசாத தேசபக்தர் தமிழ்நாட்டில் ஒருவரும் இலர். ஆயினும், அன்று காலையில் தாம் உண்டுவிட்டு வந்த கத்தரிக்காய் எந்த ஊரில் விளைந்தது, அதற்குக் கொடுத்த பணத்தில் விளைவித்தவன் கைக்குப் போனது எவ்வளவு என்று அவரைக் கேட்டால், விடை சொல்லக் கூடியவர் நூற்றுக்கு ஒருவர் தேறுவாரா என்பது சந்தேகமே.

ரிஸர்வ் பாங்கி 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்குக் கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் தக்காளி வாங்குவோர் கொடுக்கும் ரூபாயில் உழவனைச் சேர்வது சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மிச்சமெல்லாம் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன், அழுகிப் போகும் கழிவு, கடைக்காரர் லாபம். இவற்றில் நியாயமான செலவும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. லாரி ஓட்டுகிறவரும் மூட்டை சுமக்கிறவரும் நம்மவரே. ஆனால் குத்தகைதாரருக்கு இந்நாட்டுச் சட்டம் விதித்திருக்கும் பங்கைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1956-ஆம் வருஷத்து நியாய வாரச் சட்டம் நஞ்சை நிலத்தில் நிலச்சொந்தக்காரரின் பங்கு விளைவில் 40 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. பின்னர் அதுவும் 25 ஆகக் குறைந்தது. மிராசுதாரரிடமிருந்து சட்டத்தின் பலத்தால் மீட்ட பங்கைக் குடியானவன் கமிஷன் மண்டியின் வாசலில் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்புகிறான். இதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. போனால் எந்த நீதிபதியும் வழக்குக்குக் காரணமில்லை என்றுதான் தள்ளுவார்.

கோர்ட்டால் ஆகாததைச் சந்தையால் செய்ய முடியுமா என்று பார்த்தவர்கள் உண்டு. பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் உழவரே நேரில் விற்கும் சந்தை ஏற்பட்டது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ தொடங்கிற்று. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, திரு. மு. கருணாநிதி முதன் மந்திரியாயிருந்த காலத்தில், மதுரை அண்ணாநகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நிலம் வைத்துப் பயிரிடுகிறவர் என்று அதிகாரிகள் விசாரித்து உறுதி செய்தவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையிலேயே கிடைக்கும். அன்றன்றைய விலையை மொத்த விலைக்கு மேலும் வெளிக்கடை விலைக்குக் கீழுமாக நிர்ணயித்துப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். ஆரம்பத்தில் காய்கறி மூட்டைகளைச் சர்க்கார் பஸ்ஸில் கட்டணமின்றி ஏற்றிவரவும் ஏற்பாடு இருந்தது.

பிறகு நடந்தது நம் அரசியலுக்கே உரியது. 2001-இல் ஆட்சி மாறிற்று. பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-இல் மறுபடி மாறிற்று. சந்தைகளும் உயிர் பெற்றன. 2021 ஆகஸ்டில் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி வரவு செலவுத் திட்டம் சட்டசபைக்கு வந்தபோது, இவற்றைச் செப்பனிடும் வேலையும் அதில் இடம் பெற்றது. கட்சிகள் எத்தனை கொடிகளை வேண்டுமானாலும் ஏற்றட்டும், இறக்கட்டும். கத்தரிச் செடிக்குக் கட்சி கிடையாது. ஒரு கட்சி நட்டதை மறு கட்சி வாடவிடும் வழக்கம் தேசத்துக்கு நல்லதன்று.

எனினும் சர்க்காரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட நமக்கு உரிமையில்லை. மதுரை ஜில்லா கல்லுப்பட்டியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. ஸி. குமரப்பா, ஒரு பண்டம் எந்த விதமாக உற்பத்தியாயிற்றோ அந்தப் புண்ணிய பாவத்தில் அதை வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு என்று வற்புறுத்தி வந்தவர். அந்தக் கொள்கையை நம் அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? பன்னிரண்டு மாதமும் அதே நாலு காய்தான். கார்த்திகையிலும் முருங்கைக்காய்ச் சாம்பார் வேண்டும். அப்பொழுது நம் மரங்களில் காய் அரிது. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் வருகிறது. விலை வானத்தில் நிற்கிறது. சித்திரையில் நம்மூர் முருங்கை கொத்துக் கொத்தாய்க் காய்த்து மலிவாய்க் கிடக்கும்போதோ அலுத்துவிட்டதென்கிறோம்! பருவத்துக்கு மாறாக உண்ண வேண்டுமென்ற பிடிவாதத்துக்குத்தான் லாரிக்கும் தரகுக்கும் நாம் அழுகிறோம்.

நம் பெரியோர் சமையல் பஞ்சாங்கத்தோடு சேர்ந்து நடந்தது. மாசி, பங்குனியில் வடுமாங்காய். சித்திரை பிறந்தால் வேப்பம்பூப் பச்சடி; மாங்காயும் முருங்கையும் கூடிய குழம்பு; நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு. மார்கழித் திருவாதிரைக்குக் களியும் ஏழு கறிக் கூட்டும். அந்தக் கூட்டில் அவரை, மொச்சை, பூசணி, பரங்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைக்காய், சேனை என்று அப்பொழுது கொல்லையில் உள்ளதெல்லாம் வந்து சேரும். தையில் புதுப் பச்சரிசி, பச்சை மஞ்சள், கரும்பு, மஞ்சள் போட்டு வேகவைத்த பனங்கிழங்கு. மொச்சைக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி வைக்கும் குழம்பின் ருசியை அறியாதவர் தமிழ்நாட்டில் பிறந்து என்ன பயன்! கோஸ், காரட், பீட்ரூட் முதலியவற்றை நாம் பகைக்கவில்லை. நீலகிரியில் வெள்ளைக்கார துரைமார் தங்கள் மேஜைக்காகப் பயிரிடத் தொடங்கிய அவை இன்று மலைவாசிக் குடியானவர்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் சுண்டைக்காயையும் கொத்தவரையையும் தண்டுக்கீரையையும் ஏழையின் உணவென்று மட்டமாய் நினைக்கும் மனப்பான்மை எங்கிருந்து வந்ததென்று யோசிக்க வேண்டும்.

தக்காளி விஷயம் இன்னும் விசித்திரமானது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடே அலறிற்று. விளைச்சல் பெருகும் காலங்களில் பறிகூலிக்கும் கட்டாதென்று அதே தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்பொழுது நகரவாசிகள் அலறுவதில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேருமுன்பும் நம் வீடுகளில் ரசம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. புளியும் மிளகும் போதும். விலை ஏறினால் அவற்றுக்குத் திரும்பலாம். இறங்கினால் கூடையாய் வாங்கித் தொக்குக் கிளறி வைக்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய் எல்லாம் மாடியில் காய்ந்தது வெறும் சிக்கனத்துக்காக மட்டுமன்று. மலிவான காலத்தில் அதிகம் வாங்கி அருமையான காலத்தில் குறைவாய் வாங்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்குமானால், விலை பாதாளத்தில் விழுவதும் ஆகாயத்தில் ஏறுவதும் ஓரளவேனும் மட்டுப்படும். குளிர்ப் பெட்டி வந்ததும் வத்தல் பானை போயிற்று.

காய்கறி வாங்குவது பெண்கள் வேலை என்று சொல்லித் தப்பிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்வலத்தில் கொடி பிடித்த கையில் ஒரு துணிப்பை ஏறினால் மானம் போய்விடாது. பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்குக் கறிகாய் அனுப்பும் கம்பெனிகள் இப்பொழுது நகரங்களில் மலிந்திருக்கின்றன. அங்கே கேட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கும் கனவான், பலகையில் விலை எழுதிய சந்தையில், விடியற்கால பஸ்ஸில் மூட்டையோடு வந்த கிழவியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார். நமக்கு இது மிகுந்த வெட்கத்தைத் தருகிறது.

சந்தைகளிலும் குறை உண்டு. மண்டியில் வாங்கிய சரக்கை உழவர் வேஷத்தில் விற்பவர்கள் நுழைந்துவிட்டார்கள் என்ற புகார் பல ஊர்களிலிருந்து நெடுங்காலமாகவே கேட்கிறது. அட்டை பெற்றவர் பெயர், கிராமம், அவர் இந்தப் பருவத்தில் பயிரிட்டிருக்கும் காய் ஆகியவற்றைச் சந்தை வாசலிலேயே யாவரும் காண ஒட்டி வைக்க வேண்டும். கால் ஏக்கரில் கீரை போட்டவர் கடையில் ஊட்டி உருளைக்கிழங்கு குவிந்திருந்தால் அப்பொழுது வாங்குகிறவரே கேட்டுவிடுவார். காலை வியாபாரம் பத்து மணிக்குள் ஓய்ந்துவிடுவதால் ஆபீஸுக்கும் ஆலைக்கும் போகிறவர்களுக்குச் சந்தை எட்டாக்கனியாய் இருக்கிறது. சில இடங்களில் தொடங்கியிருக்கும் மாலைச் சந்தை எங்கும் பரவ வேண்டும். தொண்டர்களை வைத்திருக்கும் கட்சிகள் ஒவ்வொரு சந்தைக்கும் இருவரை அனுப்பி, ஒரு மாதம் தினந்தோறும் பலகை விலையையும் வெளிக்கடை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பச் செய்தால், அக்கணக்கைப் பிரசுரிக்க இப்பத்திரிகை இடம் தரும்.