நிறுத்தி வைத்து ஊர் பார்த்தல்: நார்த்தம்பர்லாந்தில் இருவர் கேரவன் விடுமுறை

பிரிட்டனில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் விரும்பி மேற்கொள்ளும் கேரவன் விடுமுறை ஊர் சுற்றும் பயணம் என்றே அறியப்பட்டாலும், அதன் இன்பம் பெரும்பகுதி ஓரிடத்தில் சில நாள்கள் நிலைகொண்டு, சுற்றுவட்டாரத்தை அவசரமின்றிப் பார்ப்பதிலேயே அடங்கியிருக்கிறது. படுக்கை, எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை ஆகியவை அமைந்த இந்த இழுவை வீட்டுக்கு, படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனுக்கு இருப்பதைப் போலச் சொந்த எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் பூட்டி இழுத்து வந்து, தங்குமிடம் சேர்ந்ததும் கழற்றி நிறுத்திவிடுவதால், வீடு அங்கேயே நிற்க, காரோ எங்கு வேண்டுமானாலும் செல்லும் உரிமை பெறுகிறது.

கேளிக்கைக்காகக் கேரவனில் பயணம் செய்யும் வழக்கத்தின் தொடக்கம், கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் காணப்படுகிறது. பிரிஸ்டலில் தமக்கென்று செய்வித்த, ஏறத்தாழ 2 டன் எடையுள்ள ‘வாண்டரர்’ என்னும் வண்டியில் இரண்டு குதிரைகளைப் பூட்டி, 1885இல் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை அவர் சென்றபோது, வண்டியோட்டி ஒருவரும், எதிர்ப்படுவோரை எச்சரிக்க முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்ற பணியாள் ஒருவரும் உடனிருந்தனர். 1907இல் கேரவன் கிளப் நிறுவப்பட்டு அவரே அதன் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். முதல் உலகப் போர் முடிந்தபின், 1919 முதல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கத்தக்க கேரவன்களைக் கட்டத் தொடங்கியது. பணியாள் வைத்துக்கொள்ள வசதியில்லாத இருவர் தாமே ஓட்டி, தாமே சமைத்துப் பயணம் செய்யும் இன்றைய முறைக்கு அதுவே வழி திறந்தது.

எனினும், இந்த விடுமுறைக்கு அதன் அமைதியை அளித்தது வண்டியைக் காட்டிலும் ஒரு சட்டம் என்றே கூற வேண்டும். 1960ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் மற்றும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கேரவன் நிறுத்தும் நிலங்களுக்கு உள்ளாட்சி உரிமத்தைக் கட்டாயமாக்கியதோடு, ஒரு விலக்கையும் வைத்தது: அங்கீகரிக்கப்பட்ட கிளப் ஒன்று சான்றளித்த நிலத்தில், அதன் உறுப்பினர்களின் கேரவன்கள் ஒரே வேளையில் 5 வரை, தள உரிமம் இல்லாமலே தங்கலாம். இந்த விலக்கின் பயனாக, ஆட்டுப் பட்டிக்கும் வைக்கோற்போருக்கும் அருகே உள்ள பண்ணை நிலங்கள் சிறு தளங்களாயின. உழவர் குடும்பங்களுக்கு உபரி வருமானமும், விருந்தினருக்குக் கூட்டமற்ற வெளியும் கிடைத்தன. ஐந்து என்ற அந்தச் சிறிய எண் நாட்டுப்புறத்தின் முகத்தைக் கெடுக்காமலே அதை நகர மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. சுற்றுலாவைப் பெருக்க நினைக்கும் எந்த அரசும் கருதிப் பார்க்கத்தக்க ஏற்பாடு இது.

இழுத்துச் செல்வதில் கவனம் வேண்டும். சுமையேற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது புதியவர்களுக்கு நல்லது என்பது அங்கு வழங்கும் அறிவுரை. அதன்படி 1,500 கிலோ கார் 1,275 கிலோ வரையிலான கேரவனை இழுக்கலாம். கேரவனின் முன்முனை காரின் இழுவைக் கொக்கியை அழுத்தும் எடை மொத்தத்தில் ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடாக, காரின் உற்பத்தியாளர் விதித்த வரம்புக்குள் அமைய வேண்டும். பின்பகுதியில் பளு மிகுந்து இந்த அழுத்தம் குறைந்தால், வேகத்தில் கேரவன் இடமும் வலமுமாக அலைந்து காரையே தடுமாறச் செய்யும். ஆகவேதான் கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்கு மேலாக, தரையோடு தாழ வைக்கிறார்கள். கேரவன் இழுக்கும் கார்களுக்கு நடுத்தடுப்புள்ள நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பில்லாத சாலையில் 50 மைல் என்ற வேக வரம்பும் உண்டு.

தளம் சேர்ந்தபின் வேலைகள் இருவருக்கிடையே பங்காகின்றன. ஒருவர் மட்டம் பார்த்துக் கேரவனின் மூலைக் கால்களை இறக்க, மற்றவர் உருட்டிச் செல்லத்தக்க பீப்பாயில் குழாய்த் தண்ணீர் பிடித்து வருவார். மின்னிணைப்பு பெரும்பாலும் 16 ஆம்பியருக்கு, அதாவது ஏறத்தாழ 3,700 வாட்டுக்கு உட்பட்டதாதலால், வீட்டில் பயன்படும் 3,000 வாட் கெட்டிலையும் மின் கணப்பையும் ஒருசேரப் போட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். குறைந்த வாட் கெட்டிலில் மெல்லத் தேநீர்த் தண்ணீர் கொதிக்கவைக்கப் பழகிவிடுகிறார்கள்.

கடலும் நாட்டுப்புறமும் அருகருகே அமைந்த இடமாக, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள நார்த்தம்பர்லாந்தைச் சொல்லலாம். இதன் கடற்கரை 1958 முதல் சிறப்பு இயற்கையழகுப் பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. 635இல் எய்டன் என்ற துறவி மடம் நிறுவியதும், 793இல் வைக்கிங்குகள் சூறையாடியதுமான லிண்டிஸ்பார்ன் தீவுக்குச் செல்லும் சாலை நாள்தோறும் இருமுறை கடல் ஏற்றத்தில் மூழ்குவதால், பாதுகாப்பாகக் கடக்கும் நேர அட்டவணையைப் பார்த்தே புறப்பட வேண்டும். அலட்சியம் செய்த கார்கள் நீரில் சிக்குவது இன்றும் நிகழ்கிறது. தண்ணீர் வடியும் வரை தீவிலேயே இருக்க நேர்வது அவசரக்காரர்களுக்குத் தொல்லை. கேரவன் தம்பதியருக்கு அதுவே மதியப் பொழுது. தெற்கே, பிளந்த ஹெர்ரிங் மீனை ஓக் மரப் புகையில் பதப்படுத்தும் கிராஸ்டர் என்ற மீனவ ஊரிலிருந்து, 1313இல் கட்டத் தொடங்கிய டன்ஸ்டன்பரோ கோட்டையின் இடிபாடுகளுக்குக் கடலோரப் புல்வெளி வழியே நடந்தே செல்ல வேண்டும்.

உள்நாட்டுப் பக்கம் சென்றால், ரோமப் பேரரசன் ஹேட்ரியன் 122இல் எழுப்பத் தொடங்கிய 117 கிலோமீட்டர் எல்லைச் சுவரும், செவியட் குன்றுகளின் ஆட்டு மேய்ச்சல் நிலங்களும், கீல்டர் காடும் உள்ளன. செயற்கை வெளிச்சம் மிகக் குறைந்த இப்பகுதி 2013இல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எப்போது செல்வது என்பதைப் பள்ளி விடுமுறை கட்டுப்படுத்தாத தம்பதியர் தாமே தீர்மானிக்கலாம். இக்கடற்கரையை அடுத்துள்ள ஃபார்ன் தீவுகளில் கூடு கட்டும் பஃபின் என்னும் கடற்பறவைகள் ஜூலை இறுதிக்குள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடுவதால், அவற்றைக் காண மே, ஜூன் மாதங்கள் ஏற்றவை. ஆனால் இந்த வட அட்சரேகையில் ஜூன் இரவு முழுமையாக இருட்டுவதில்லை என்பதால், கீல்டரில் பால்வீதியைப் பார்க்க விரும்புவோர் செப்டம்பர் வரை காத்திருப்பது நல்லது.